கொல்லைப்புறத்துப் பேரரசர்கள்

எருக்கங்கழி என்றொரு துறைமுகம் இருந்தது. அது எங்கே என்று தேடிப் பிரயோசனமில்லை, கடல் அதை என்றோ விழுங்கி ஏப்பமும் விட்டாயிற்று. அங்கிருந்து மணிகளும் மெல்லிய துகிலும் மிளகு மூட்டைகளும் மேற்கே போயின. மேற்கிலிருந்து மதுச்சாடிகளும் பொன்னும் பேரரசர்கள் செத்த செய்திகளும் வந்தன, ஊர் மூன்றையும் ஒன்றுபோலவே இறக்கி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. ரோமிலிருந்து கப்பலேறி வந்தவர்களை எருக்கங்கழிக்காரர்கள் யவனர் என்று அழைத்தார்கள். யவனர்கள் கழியின் வடகரையில் வீடு கட்டிக்கொண்டார்கள், கிடங்கு கட்டிக்கொண்டார்கள், கடைசியில் தங்கள் பேரரசருக்கு ஒரு கோயிலும் கட்டிக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிற மனுசனுக்குக் கோயிலா என்று ஊர் ஒருநாள் சிரித்துவிட்டு மறுநாள் மறந்துவிட்டது.

கூரையில்லாத அந்தக் கோயிலின் வெள்ளைக்கல் சிலையில் ஒரு சௌகரியம் இருந்தது. மார்புக் கவசமும் நீட்டிய வலக்கையுமாக உடம்பு எப்போதும் அங்கேயே நிற்கும், தலை மட்டும் கழுத்துக் குழியில் செருகிக் கழற்றும்படி இருக்கும். பேரரசர் மாறினால் காற்றுத் திரும்பும் பருவத்தில் கப்பலில் புதுத் தலை வரும், பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினால் தீர்ந்தது. உடம்பு எந்தத் தலைக்கும் மறுப்புச் சொன்னதில்லை.

அந்தக் கோயிலைப் பெருக்குகிறவள் கொற்றி. பேரரசரின் தோளில் விழும் காக்கை எச்சத்தைத் துடைப்பதும் அவள்தான், அடுத்தாற்போல் இருந்த தன் வீட்டுக் கொல்லையில் பெரிய பானை ஏற்றி யவனக் காவலர்களுக்குச் சோறு வடித்துப் போடுவதும் அவள்தான். புருசன் கடலோடு போய்விட்டான். மகன் ஆதன் படகு ஓட்டினான். மகள் நாகை பெலிக்கன் என்ற யவனக் காவலனைக் கட்டிக்கொண்டாள். அவன் பேர் வேறு என்னவோ, ஊர் வாயில் அப்படித்தான் நுழைந்தது. பெலிக்கன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மைத்துனன் ஆதனோடு ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் மீன் பொறுக்கித் தின்று, நல்லபடியாகத்தான் இருந்தான். நாகைதான் நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, எனக்கென்று ஒரு வீடு வேண்டும், எனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும் என்று விடிந்தால் தொடங்கிப் பொழுது சாயும்வரை ஓதிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறக்கட்டும் பார்க்கலாம் என்று கொற்றி ஒரே பதிலைப் பல குரல்களில் சொல்லி வந்தாள்.

முதலில் வந்த தலைக்குப் பெரிய மூக்கு. படைத்தலைவராக இருந்து, தன்னை நம்பிய பேரரசரை வெட்டிவிட்டுப் பட்டத்துக்கு வந்தவர் என்று மாலுமிகள் சொன்னார்கள். அடுத்த பருவத்தில் தாடி வைத்த தலை வந்தது. மூக்கரை அவர் குதிரையிலிருந்தே இறக்கிக் கொன்றுவிட்டாராம். மூக்கர் தலையை உடைத்துக் கடலில் எறியவும் என்று கூடவே உத்தரவு வந்தது. ஆனால் யவனக் குடியிருப்பின் தலைவர் வீபியர், எதையும் தூக்கி எறியாத மனிதர், யோசித்தார். உடைத்துவிட்ட பிறகு மூக்கர் எங்கிருந்தாவது பிழைத்து வந்து என் தலை எங்கே என்று கேட்டால் யார் தலை போகும்? ஆகவே தலையைக் கொற்றியின் கொல்லையில், முருங்கை மரத்தடியில் போட்டு வைக்கச் சொன்னார். அடுத்த பருவத்தில் கொழுத்த கன்னங்களோடு மூன்றாமவர் வந்தார், தாடிக்காரரும் முருங்கையடிக்குப் போனார். அதற்குப் பிறகு ஒரு சின்னப் படகு மட்டும் செய்தியோடு வந்தது: கன்னத்தாரை விருந்துப் பந்தியிலேயே முடித்துவிட்டார்கள், இப்போது நாலு திசையில் நாலு பேர் நான்தான் நான்தான் என்கிறார்கள், யாருக்கென்று தலை செதுக்குவது என்று தெரியாமல் ரோமின் சிற்பிகள் உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். வீபியர் கன்னத்தாரையும் கழற்றி முருங்கையடிக்கு அனுப்பினார். கோயிலில் உடம்பு மட்டும் நின்றது. கழுத்துக் குழியில் மழைநீர் தேங்கியது, மைனாக்கள் வந்து குடித்தன, துறைமுகம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

கன்னத்தார் முருங்கையடிக்கு வந்த மறுநாள் காலை கொற்றி அரிசி களைந்துகொண்டிருந்தபோது, "கல்லு கெடக்கு, பாத்துக் களை" என்றார் மூக்கர்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தமிழ் பேசியதில் அவளுக்கு வியப்பில்லை. கொற்றியின் கொல்லையில் அத்தனை காலம் கிடந்தால் எந்தக் கல்லுக்கும் தமிழ் வரும், அதுவும் நல்ல தமிழ் வராது. அவளைத் துணுக்குறச் செய்தது தாடிக்காரர் உடனே சொன்ன பதில்தான். கொலைகாரனுக்கு அரிசியைப் பற்றி என்ன பேச்சு என்றார் அவர். நீ யோக்கியனா என்றார் மூக்கர். இருவருமே பட்டத்தில் இல்லாதவர்கள், நான்தான் கடைசியாக ஆண்டவன் என்றார் கன்னத்தார், அப்போதுதான் வந்தவராகையால் சற்று அரைகுறைத் தமிழில். அன்று தொடங்கிய சண்டை ஓயவே இல்லை. அவள் கூட்டும்போதும் சண்டை, வடிக்கும்போதும் சண்டை, முருங்கைக்கீரை உருவும்போது மட்டும் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி, கிளையை ஒடிக்காதே, எங்கள் நிழல் போய்விடும் என்று அதட்டினார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, அவளுக்கோ வந்ததெல்லாம் தலைகளாகவே வந்து சேர்ந்தன.

ஊருக்கு விஷயம் தெரிந்தபோது ஊர் பயப்படவில்லை, வழக்கைக் கொண்டு வந்தது. வலை கிழிந்தவன் வந்தான், கிழித்தவன் வந்தான், எல்லைக்கல்லை நகர்த்தியவனும் நகர்த்தக் கொடுத்தவனும் வந்தார்கள். வந்தவர்களுக்கு மூன்று தீர்ப்புக் கிடைத்தது, அவரவர் தமக்குத் தோதானதை எடுத்துக்கொண்டு போனார். எருக்கங்கழியில் முதன்முறையாக எல்லா வழக்கிலும் எல்லோரும் ஜெயித்தார்கள், அதனால் ஒரு வழக்கும் தீரவில்லை. தாடிக்காரர் உப்பு விற்கும் சாத்தனை எகிப்து நாட்டுக்கு ஆளுநராக்கினார். சாத்தன் அதன் பிறகு உப்பு மூட்டையைத் தானே தூக்க மறுத்து, எகிப்து எந்தப் பக்கம் என்று துறையில் விசாரித்துக்கொண்டிருந்தான். மூக்கர் கள்ளிறக்குகிற இருவரைச் சேனாதிபதிகளாக்கினார். கன்னத்தாரோ தன்னிடம் வந்தவர்களை முந்தின நாள் என்ன சாப்பிட்டாய் என்று விசாரித்து, விவரமாகச் சொன்னவனுக்குப் பட்டம் கொடுத்தார்.

ஊர் இரண்டு பட்டாலே கூத்தாடிக்குக் கொண்டாட்டம், இது மூன்றாகப் பட்டது. மூக்குக் கட்சியார் மூக்கில் சந்தனம் பூசிக்கொண்டு திரிந்தார்கள். தாடிக் கட்சியார் சிரைப்பதை விட்டார்கள், தாடி முளைக்காத இளவட்டங்கள் கரியைத் தடவிக்கொண்டார்கள். கன்னக் கட்சியார் இரண்டு கன்னத்திலும் வெற்றிலையை அதக்கிக்கொண்டு நடந்ததால் அவர்கள் கோஷம் ஒன்றும் யாருக்கும் புரியவில்லை. ரோம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கையை எங்கெங்கோ காட்டுகிற மனிதர்கள், ரோமை யார் ஆள்வது என்பதில் கத்தியை உருவினார்கள்.

இதெல்லாம் போகட்டும் என்று கொற்றி விட்டிருப்பாள். ஆனால் கப்பற்படை முழுவதும் உனக்குத்தான் என்று மூக்கர் ஆதனிடம் சொல்லிவிட்டார், ஒற்றைப் படகு வைத்திருந்த ஆதன் அன்றே மூக்கில் சந்தனத்தைப் பூசிக்கொண்டான். பெலிக்கன் தாடிக் கட்சி. சின்ன வயதில் ரோமில் ஓர் ஊர்வலத்தில் தாடிக்காரர் தன்னைப் பார்த்துக் கையசைத்தார் என்பது அவன் நம்பிக்கை. அவ்வளவு கூட்டத்தில் அவர் ஈயைத்தான் விரட்டினார் என்று நாகை சொன்னதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரே சட்டியில் மீன் பொறுக்கிய இருவரும் இப்போது கொல்லையின் இரண்டு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள், குழம்பு வேண்டுமென்றால்கூட அவனைக் கேட்கச் சொல்லு என்று நாகை மூலம் கேட்டார்கள். கொற்றிக்கு ரோமும் வேண்டாம் எகிப்தும் வேண்டாம். பேத்தியோ பேரனோ பிறக்கிற அன்று அதற்கு அப்பனும் மாமனும் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

அவள் துறைத்தலைவர் அந்துவனாரிடம் போனாள், மன்னருக்காகத் துறையைக் காப்பவர் அவர். அது யவனர் விவகாரம், நம் மன்னர் தலையிடமாட்டார் என்றார் அவர். அவர் மூக்கில் சந்தனம் மங்கலாகத் தெரிந்தது. வீபியரிடம் போனாள். வீபியர் மூன்று தலைகளிடமும் தனித்தனியே ரகசியமாக வந்து, நான் என்றும் உங்கள் ஆள் என்று மண்டியிட்டுப் போனதை அவள் முருங்கைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருந்தாள். ஆனாலும் வேறு நாதியில்லை.

நான் ஒரு முடிவு செய்துவிட்டேன் என்றார் வீபியர் பெருமையாக. வரும் அமாவாசையன்று காலையில் எந்தக் கட்சி தன் தலையை முதலில் கொண்டுவந்து உடம்பில் செருகுகிறதோ அவரே பேரரசர், சண்டை அத்தோடு முடிந்தது.

"ஐயா, மூணு நாய்க்கு நடுவுல ஒரு எலும்பைப் போட்டுட்டு, சண்டை முடிஞ்சுதுன்றீங்களே" என்றாள் கொற்றி. இதைவிட நல்ல யோசனை உனக்கு இருந்தால் சொல் என்றார் அவர்.

ஒரு தலையை உருட்டிக் கழியில் தள்ளிவிடலாம் என்று பார்த்தாள். மூக்கர் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. அதிலிருந்து மூன்று கட்சியும் கொல்லைக்குள்ளேயே காவல் போட்டன, மூக்கருக்கு ஆதனும் தாடிக்காரருக்குப் பெலிக்கனும் காவலுக்கு வந்து அவரவர் சொந்த வீட்டுக் கொல்லையிலேயே ஈட்டியோடு நின்றார்கள். அமாவாசைக்கு முதல் நாள் காவலர்களுக்குள் கைகலப்பாகி, பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் உருண்டதில் அவளுடைய மண்ணடுப்பு மண்ணோடு மண்ணானது. காவலுக்கு வந்த மூன்று கட்சிக்கும் சோறு போட்ட அடுப்பு. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து, இவர்களில் ஒருவனாவது இதைப் பார்த்து வெட்கப்படுவானா என்று காத்திருந்தாள். ஒருவனும் படவில்லை. அடுப்பு இல்லாததால் அன்று சோறும் இல்லை, அதற்காக மட்டும் மூன்று கட்சியும் அவளைக் கோபித்துக்கொண்டன.

அமாவாசை விடிவதற்கு முன்பே நாகைக்கு வலி கண்டது.

பிள்ளை பெறுகிற வீட்டு வேலிக்குள் ஆண்பிள்ளை நிற்கக் கூடாது என்பது எருக்கங்கழியில் அரசன் முதல் ஆண்டி வரை யாரும் மீறாத வழக்கம். மருத்துவச்சி வேம்பி வாசலில் காலை வைத்ததுமே கொல்லைக்குப் போய், ஈட்டி வைத்திருந்தவர்களை எல்லாம் துடைப்பத்தாலேயே வேலிக்கு வெளியே தள்ளிப் படலைச் சாத்தினாள். கொல்லையில் எஞ்சியது மூன்று ஆண்பிள்ளைகள் மட்டும், அவர்களுக்கும் கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை என்பதால் அவள் விட்டுவிட்டாள். விட்டுவிட்டு, வெந்நீர் எங்கே என்றாள்.

கொற்றி நொறுங்கிக் கிடந்த அடுப்பைப் பார்த்தாள். அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். மணலும் சேறுமான அந்தக் கழிக்கரையில் கல்லுக்கு எங்கே போவது? அவள் கண் முருங்கையடிக்குப் போனது.

"என்ன பாக்குற?" என்றார் தாடிக்காரர், சந்தேகத்தோடு.

மூன்று பேரையும் ஒவ்வொருவராக உருட்டிக்கொண்டு வந்தாள், கழுத்துக் காம்பை மண்ணில் புதைத்து, முகங்கள் மூன்றும் உள்பக்கம் பார்க்க நெருக்கி நட்டாள். சோறு வடிக்கிற பெரிய பானையில் தண்ணீர் நிரப்பி அவர்கள் தலையில் ஏற்றினாள். கல்லிலே செதுக்கிய இலைமாலை ஒவ்வொருவர் தலையிலும் இருந்தது, அதில் பானை சும்மாட்டில் உட்காருவதுபோல அம்சமாக உட்கார்ந்தது. நடுவில் விறகை வைத்து மூட்டினாள்.

"இது ராசத்துரோகம்" என்றார் மூக்கர்.

"ஆமா. தலையை ஆட்டாம இருங்க" என்றாள் கொற்றி.

ஒருவரையொருவர் கொன்றும் கொல்ல நினைத்தும் வாழ்ந்த மூன்று பேர் அன்றுதான் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். நடுவில் நெருப்பு, மேலே கொதிக்கிற பானை. தாடிக்காரர் கோபத்தில் ஒருமுறை குலுங்கினார், பானை மூக்கர் பக்கம் சாய்ந்து நீர் தளும்பி இருவர் காதிலும் ஒழுகியது. கல்லுக்கு வெந்நீர் சுடாது. ஆனால் ஓர் அடுப்பாகக்கூட நிற்கத் தெரியாதவன் என்று பேர் வாங்க எந்தப் பேரரசருக்கு மனம் வரும்? கொஞ்சம் இந்தப் பக்கம் தாங்கு என்றார் மூக்கர், பல்லைக் கடித்துக்கொண்டு. தாங்குகிறேன், நீ அசையாதே என்றார் தாடிக்காரர்.

பொழுது புலர்ந்ததும் மூன்று கட்சியும் மேளத்தோடு வேலியோரம் வந்து நின்றன. சந்தன மூக்குகளுக்கு முன்னால் ஆதன், தாடிகளுக்கு முன்னால் பெலிக்கன், இருவர் கையிலும் உருவிய வாள். உள்ளேயிருந்து நாகையின் குரல் கேட்டதில் இருவருமே ஒரு கணம் தடுமாறினார்கள், பின்னால் நின்றவர்கள் அவர்களைத் தள்ளினார்கள்.

"அத்தை, தாடியாரை மட்டும் வேலிக்கு மேல குடுத்துடுங்க. நாங்க போயிடறோம்" என்றான் பெலிக்கன்.

கொற்றி கரண்டியோடு எழுந்து வந்தாள். "உன் பொஞ்சாதி உள்ள கெடந்து துடிக்கிறா. அவளுக்கு வெந்நீர் வேணுமா, உனக்கு ராசா வேணுமா? ஒண்ணச் சொல்லு, தர்றேன்."

பெலிக்கன் வாய் திறப்பதற்குள் தாடிக் கட்சியில் பின்னாலிருந்த ஒருவன் வழக்கத்தையும் மீறி வேலிமேல் காலைப் போட்டான், அதைப் பார்த்து மூக்குக் கட்சியில் நாலு பேர் காலைப் போட்டார்கள், இனி ஒரு மூச்சில் கொல்லை ரத்தக்களரியாகிவிடும் என்ற நேரத்தில் அடுப்புக்குள்ளிருந்து புகையோடு ஒரு குரல் வந்தது.

"கிட்ட வராதீங்கடா, பானை கவுந்துடும்" என்றார் தாடிக்காரர்.

"அவர் சொல்றதைக் கேளுங்க" என்றார் மூக்கர்.

வேலிமேல் போன கால்கள் இறங்கின. தாங்கள் யாருக்காகச் சாக வந்தார்களோ அவரே தம் எதிராளியோடு ஒரே குரலில் கிட்ட வராதே என்று சொன்னபோது என்ன செய்வதென்று எந்தக் கட்சிக்கும் தெரியவில்லை, மேளக்காரர்களுக்கும் தெரியவில்லை. எல்லோரும் வெயிலில் நின்றார்கள். வெந்நீர் உள்ளே போனது. அடுத்த பானை ஏறியது, அதுவும் போனது. எந்தத் தலை முதலில் வரும் என்று அறியக் கோயில் வாசலில் காத்திருந்த வீபியர் கால் கடுத்துத் தானும் வேலியோரம் வந்து சேர்ந்தார். உச்சிவேளையில் குழந்தை வீறிட்டது.

பெண் என்று வேம்பி கூவினாள். முதல் தேன்துளியைத் தொட்டு வைக்க மாமன் எங்கே, முகம் பார்க்க அப்பன் எங்கே என்றாள். ஆதன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினான், பெலிக்கன் வாளைப் போட்ட இடம்கூடப் பார்க்காமல் ஓடினான், குனிந்து நுழைய வேண்டிய அந்தச் சின்ன வாசலில் இரண்டு பேரும் ஒன்றாக நுழையப் பார்த்து மண்டையை மோதிக்கொண்டார்கள். கொற்றி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். புகை என்று யாரிடமும் சொல்லவில்லை, அழுகை என்றே சொன்னாள்.

"அடுத்து என்ன வைக்கப் போற?" என்றார் கன்னத்தார் மெல்ல.

சோறு வைத்தாள். முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த மூன்று கட்சியும் வேலிக்கு வெளியே இலை போட்டு உட்கார்ந்து தின்றன, மிளகும் புளியும் போட்ட மீன் குழம்பை எகிப்து ஆளுநரே சுமந்து பரிமாறினான். பொழுது சாய்ந்து நெருப்பு அவிந்ததும் வீபியர் குனிந்து பார்த்தார். மூன்று முகமும் அட்டைக்கரியாக இருந்தன, மூக்கும் தாடியும் கன்னமும் கரியில் ஒன்றாகிப்போயின. வெள்ளை உடம்பில் கரித்தலையைச் செருகினால் ரோமுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கையைப் பிசைந்தார். மறுநாள் எருக்கங்கழியில் நாவிதர்களுக்குக் கை ஓயவில்லை.

காற்றுத் திரும்பியபோது கப்பல் வந்தது, மெல்லிய உதடுகளோடு நாலாவது தலை வந்தது, பழைய தலைகள் எங்கேயாவது மிச்சமிருந்தால் உடைக்கவும் என்ற உத்தரவும் வந்தது. கப்பல் தலைவன் ஊரெல்லாம் தேடிவிட்டுக் கொற்றியின் கொல்லையில் இரண்டு முறை சோறு வாங்கித் தின்றான், தலை எதுவும் தென்படவில்லை, அடுப்பு மட்டும் அருமை என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தின்று முடிக்கும்வரை அடுப்பு மூச்சு விடவில்லை.

உதட்டரைச் செருகிய மறுநாள் காலை கொற்றி கோயிலைப் பெருக்கினாள். பீடத்தின் மேலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. "ரோமின் ஒரே பேரரசன் நான்" என்று அது தொடங்கியது, கப்பலிலேயே மாலுமிகளிடம் கற்றுக்கொண்ட புதுத் தமிழில்.

கொற்றி நிமிரவில்லை, பெருக்குவதையும் நிறுத்தவில்லை.

"நல்லது. என் மக தனிக்குடித்தனம் போகணும்னு நிக்கிறா" என்றாள். "அவ அடுப்புக்கு ஒரு கல்லு வந்தாச்சு. இன்னும் ரெண்டுதான் வரணும்."